பழி எப்போதும் பவர் ஐசி மேல்: செல்போனுக்குள் மின்சாரம் எப்படிப் பங்கிடப்படுகிறது

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை என்று எந்த ஊர் சர்வீஸ் கடையானாலும் டெட் செட் (ஆன் ஆகாத போன்) வந்ததும் முதலில் விழும் தீர்ப்பு ஒன்றுதான்: "பவர் ஐசி பூடுச்சுண்ணா." பல நேரங்களில் மல்டிமீட்டர் முனை போர்டில் படுவதற்கு முன்பே இது சொல்லப்பட்டுவிடும். பேட்டரி மின்சாரத்தைப் போனின் மற்றச் சில்லுகளுக்குப் பங்கிடும் இந்தப் பவர் ஐசி பழுதாவதே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அது பெரும்பாலும் சொன்னதைச் செய்யும் சில்லு. உள்ளே வர வேண்டிய மின்னழுத்தம் வராவிட்டாலோ, 'திற' என்ற கட்டளை வராவிட்டாலோ, வெளியே கொடுக்கும் வழியில் ஷார்ட் இருந்தாலோ, அது பேசாமல் இருந்துவிடும். அந்த மௌனத்தைச் சாவு என்று எடுத்துக்கொண்டு ஹாட் ஏரை (சூடான காற்று ஊதும் கருவியை) பிடிப்பதில்தான் பிழைக்க வேண்டிய போர்டுகள் போகின்றன.

சில்லைப் போர்டோடு ஒட்டும் ஈயம் கலக்காத பற்று (சால்டர்) சுமார் 217 டிகிரியில் உருகும். சில்லை எடுக்க அதைவிட நிறையச் சூடு கொடுத்தாக வேண்டும். பக்கத்திலேயே பிராசஸரும் அதன் முதுகில் அடுக்கிய மெமரியும் உட்கார்ந்திருக்கும். தேவையில்லாமல் பவர் ஐசியை மாற்றப் போனால் நன்றாக இருந்த மெமரியின் அடியில் இருக்கும் பற்று மணிகள் அசைந்துவிடும். முதலில் பத்து ரூபாய் கப்பாசிட்டர் வேலையாக இருந்தது, பிறகு யாராலும் எடுக்க முடியாத வேலையாகிவிடும்.

ஒரே பேட்டரி, இருபது வீடு

பெரும்பாலான போன்களின் பேட்டரி ஒற்றை லித்தியம் செல். முழுதாக ஏறியபோது 4.2 முதல் 4.45 வோல்ட் வரை நிற்கும். இந்த உச்சம் செல்லின் வகையைப் பொறுத்தது. காலியாகும்போது 3.4 வோல்ட்டை நெருங்கும். இப்படி ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை எந்தச் சில்லும் நேரடியாகக் குடிக்க முடியாது. பிராசஸரின் உள்மையத்துக்கு 0.6 முதல் 1.1 வோல்ட் போதும், அதுவும் வேலைக்கு ஏற்ப நொடிக்குப் பலமுறை மாறும். எல்பிடிடிஆர்4எக்ஸ் மெமரி 1.8, 1.1, 0.6 என்று மூன்று வேறு மின்னழுத்தம் கேட்கும். இஎம்எம்சி சேமிப்பகத்துக்கு ஏறக்குறைய 2.95 வோல்ட்டும் 1.8 வோல்ட்டும் வேண்டும். சிம்முக்கு 1.8 அல்லது 3. கேமராவுக்கு 2.8, 1.8, அதோடு ஒன்றேகால் வோல்ட்டை ஒட்டி இன்னொன்று. எல்சிடி திரைக்குக் கூட்டல் ஐந்தரையும் கழித்தல் ஐந்தரையும் தேவை. அதன் பின்விளக்கில் எல்இடிகள் வரிசையாக இருப்பதால் இருபது வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஏற்றிக் கொடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் பங்கு பிரிப்பது பவர் ஐசி. குவால்காமின் ஸ்நாப்டிராகன் 625 போர்டில் பிஎம்8953, மீடியாடெக்கின் ஹீலியோ பி35 போர்டில் எம்டி6357 என்று பிராசஸருக்குப் பிராசஸர் துணை மாறும். பேட்டரிக்கும் இந்த ஐசிக்கும் நடுவில் ஒரு பிரதான வழி ஓடும். குவால்காம் சுற்று வரைபடத்தில் அதன் பெயர் விபிஎச் பவர், ஆப்பிள் வரைபடத்தில் விடிடி மெயின். போர்டில் மிக அதிகக் கப்பாசிட்டர்கள் தொங்குவது இந்த வழியில்தான். ஷார்ட் அதிகம் விழுவதும் இங்கேதான்.

மின்னழுத்தத்தைக் குறைக்க இரண்டு முறை உண்டு. எல்டிஓ என்பது மிச்சத்தைச் சூடாக்கி வீணடிக்கும் முறை. 4 வோல்ட்டை 1.8 ஆக்கி 300 மில்லி ஆம்பியர் கொடுத்தால் 2.2 வோல்ட்டும் வெறும் வெப்பம், அதாவது 0.66 வாட். பக் என்பது திறந்து மூடும் முறை. மேல் சுவிட்ச் ஒரு கணம் பேட்டரியைக் காயிலோடு சேர்க்கும், பிறகு அது மூடிக் கீழ் சுவிட்ச் காயிலைத் தரையோடு (கிரவுண்ட், பேட்டரியின் மைனஸ் பக்கம்) சேர்க்கும். நொடிக்கு முப்பது லட்சம் முறை என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்று 333 நானோ நொடி. அதில் 75 நானோ நொடி மட்டும் மேல் சுவிட்ச் திறந்தால் 4 வோல்ட் 0.9 ஆகும். அடித்து அடித்து வரும் அந்த ஓட்டத்தைக் காயிலும், அதற்குப் பின் நிற்கும் 10 அல்லது 22 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டரும் சமன்படுத்தும்.

பிராசஸருக்கு 0.9 வோல்ட்டில் 3 ஆம்பியர் வேண்டுமென்றால் பயன்படும் திறன் 2.7 வாட். எல்டிஓ வழியாகக் கொடுத்தால் பேட்டரியிலிருந்து 12 வாட் உறிஞ்சும், 9.3 வாட் சூடு, கையில் பிடிக்க முடியாது. 85 சதவீதம் திறனுள்ள பக் வழியாகக் கொடுத்தால் 3.2 வாட்டுக்குள் முடிந்துவிடும், பேட்டரியிலிருந்து 0.8 ஆம்பியர்தான் போகும். அப்படியென்றால் எல்டிஓ எதற்கு? பக் கொடுக்கும் மின்சாரத்தில் சிறு அலை இருக்கும். கேமரா சென்சார், அலைவரிசைச் சுற்று, கடிகாரம் (சில்லுகளுக்குத் தாளம் தரும் துடிப்பு) போன்ற நுணுக்கமான இடங்களுக்கு அது ஆகாது. அதனால் முதலில் பக் மூலம் 2 வோல்ட்டுக்கு இறக்கி, அங்கிருந்து எல்டிஓ மூலம் 1.8 ஆக்குகிறார்கள். 0.66 வாட் வீணான இடத்தில் இப்போது எல்டிஓவில் 0.06 வாட்தான் வீண்.

இதில் பழுது பார்ப்பவருக்கு ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. 1.8 வோல்ட் எல்டிஓ வரவில்லை என்றால் அதற்கு மேலே இருக்கும் பக் வருகிறதா என்று பார்க்காமல் எல்டிஓவைக் குறை சொல்ல முடியாது. ஒரு பக் விழுந்தால் அதை நம்பியிருக்கும் நாலைந்து எல்டிஓக்கள் சேர்ந்து விழும். 'ஐந்து இடத்தில் வோல்ட்டேஜ் இல்லை, அதனால் ஐசிதான்' என்று தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

வரிசை முக்கியம்

ஆன் பட்டன் கோட்டில் சாதாரணமாக 1.8 வோல்ட் நிற்கும், சில போர்டுகளில் பேட்டரி மின்னழுத்தமே நிற்கும். பட்டனை அழுத்தினால் அது தரைக்கு இறங்கும். பவர் ஐசி விழித்து ஒவ்வொரு வழியாகத் திறக்கும்; ஒன்று நிலைத்த பிறகே அடுத்தது. உள்மையத்துக்கு மின்சாரம் வராமல் வெளிக்கால்களுக்கு மட்டும் வந்துவிட்டால், கால்களில் இருக்கும் பாதுகாப்பு டயோடுகள் வழியாக ஓட்டம் திருட்டுத்தனமாக உள்ளே புகுந்து சில்லைப் பூட்டிவிடும். அதனால்தான் இந்தக் கண்டிப்பு. வழிகள் நிலைத்து, கடிகாரம் ஓடத் தொடங்கியதும், பிராசஸரை எழவிடாமல் பிடித்து வைத்திருக்கும் ரீசெட் கோட்டைப் பவர் ஐசி விடுவிக்கும். கடிகாரம் குவால்காமில் 19.2 அல்லது 38.4 மெகா ஹெர்ட்ஸ், மீடியாடெக்கில் 26 மெகா ஹெர்ட்ஸ். பிராசஸர் எழுந்து 'இருக்கிறேன்' என்று ஒரு கோட்டின் மின்னழுத்தத்தை உயர்த்திப் பதில் சொல்ல வேண்டும். குவால்காமில் அது பிஎஸ் ஹோல்டு. பதில் வராவிட்டால் பவர் ஐசி எல்லாவற்றையும் மறுபடி மூடிவிடும். மீட்டரில் பார்ப்பவருக்கு வோல்ட்டேஜ் ஒரு கணம் வந்து மறைவது தெரியும். அங்கே பவர் ஐசி தன் கடமையைச் செய்திருக்கிறது. கோளாறு பிராசஸர், மெமரி, மென்பொருள் பக்கம்.

எல்லா வழிகளும் எப்போதும் திறந்திருக்காது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். கேமரா செயலியைத் திறக்காமல் கேமராவின் 2.8 வோல்ட்டை அளந்தால் பூஜ்யம்தான் வரும். சிம் இல்லாமல் சிம் வழியை அளந்தாலும் அப்படியே. பல போர்டுகளில் கேமராவுக்குத் தனி எல்டிஓ உண்டு. அதற்கு உள்வரவு ஒரு கால், அனுமதி ஒரு கால், வெளியீடு ஒரு கால். உள்வரவு இருந்து, செயலியைத் திறந்தும் அனுமதிக் கால் உயராவிட்டால், எல்டிஓவை மாற்றிப் பயனில்லை.

டிசி மெஷின் சொல்லும் கதை

பேட்டரியைக் கழற்றிவிட்டு டிசி பவர் சப்ளையை 4 வோல்ட்டில் வைத்து, ஓட்ட வரம்பை 2 ஆம்பியருக்குக் கட்டி, பேட்டரி முனைகளில் கொடுங்கள். முதலை வாய்க் கம்பிகள் தடிமனாக இருக்கட்டும். மெல்லிய கம்பியில் 0.2 ஓம் தடை இருந்தால் ஒரு ஆம்பியருக்கே 0.2 வோல்ட் விழும். நல்ல போன்கூட லோகோ வரை வந்து திரும்பத் திரும்ப அணையும். சில மாடல்கள் பேட்டரியின் அடையாளக் காலும் வெப்பக் காலும் இல்லாமல் கிளம்பவே செய்யாது என்பதையும் மறக்க வேண்டாம்.

பட்டனை அழுத்தும் முன்பே ஊசி வரம்பைத் தொட்டால் பிரதான வழியில் ஃபுல் ஷார்ட். ஐம்பது, நூறு மில்லி ஆம்பியர் என்று நின்றால் ஹாஃப் ஷார்ட் அல்லது கசிவு. 'ராத்திரி சும்மா வைத்தாலும் காலையில் சார்ஜ் குறைந்திருக்கிறது' என்று வரும் செட் இதுதான். 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை 100 மில்லி ஆம்பியர் கசிவு இரண்டே நாளில் காலி செய்யும். பட்டனை அழுத்தியதும் திடீரென ஏறினால், பவர் ஐசி திறந்த ஏதோ ஒரு கிளை வழியில் ஷார்ட். அழுத்தியும் அசைவே இல்லையென்றால் பட்டன் கோடு, பிரதான வழி, அதன் பிறகு ஐசி என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் ஏறி ஒரே இடத்தில் உறைந்து நின்றால் மின்சாரம் பெரும்பாலும் சரி, போன் துவங்கும் வேலை பாதியில் நிற்கிறது.

அடுத்து சப்ளையை எடுத்துவிட்டு மல்டிமீட்டரின் டயோடு மோடில், சிவப்பு முனையைத் தரையிலும் கறுப்பு முனையைச் சோதிக்கும் இடத்திலும் வைத்து அளக்க வேண்டும். புதிதாகத் தொழில் பழகுபவர்கள் தவறும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. பிராசஸர் உள்மைய வழிகள் இயல்பாகவே சில ஓம்களே காட்டும். பீப் மோடில் வைத்தால் மீட்டர் கத்தும். அது ஷார்ட் இல்லை. அதே மாடலின் நல்ல போர்டில் அளந்து ஒப்பிடாமல் அந்த வழியைத் தொடக்கூடாது.

ஷார்ட் உறுதியென்றால் அது காயிலுக்கு எந்தப் பக்கம் என்று பிரிக்க எளிய வழி, அந்தக் காயிலைத் தூக்குவது. காயிலுக்கு ஒரு பக்கம் பவர் ஐசியின் சுவிட்ச், மறுபக்கம் கப்பாசிட்டர்களும் அந்த மின்சாரத்தைக் குடிக்கும் சில்லும். தூக்கிய பிறகு ஐசி பக்கப் புள்ளியில் ஷார்ட் நின்றால், அப்போது பவர் ஐசியைச் சந்தேகியுங்கள். மறுபக்கம் நின்றால் ஐசி நிரபராதி. இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

இடத்தைக் கண்டுபிடிக்க ஷார்ட் உள்ள வழியில் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து, எங்கே சூடாகிறது என்று பார்ப்பார்கள். தெர்மல் கேமரா இருந்தால் நல்லது. இல்லையென்றால் ரோசின் புகையைப் பூசினால் சூடான பாகத்தின் மேல் வெண்மை உருகும். ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தடவினால் அந்த இடம் முதலில் காயும். கொடுக்கும் மின்னழுத்தம் அந்த வழியின் சொந்த மின்னழுத்தத்தைத் தாண்டக்கூடாது. 1.1 வோல்ட் மெமரி வழியில் 4 வோல்ட் கொடுத்தால், ஷார்ட்டான கப்பாசிட்டர் எரிந்து விலகிய அடுத்த நொடி மெமரி அந்த 4 வோல்ட்டைப் பார்க்கும். பிரதான வழியிலும் 1 வோல்ட்டில் தொடங்கி மெல்ல ஏற்றுவது நல்லது.

சூடானது கப்பாசிட்டர் என்றால் எடுத்துவிடலாம். திரும்ப வைக்க வேண்டுமா என்பது இடத்தைப் பொறுத்தது. பிராசஸர் அடியில் பத்துப் பதினைந்து வரிசையாக நிற்பதில் ஒன்று போனால் போன் ஓடும். பக் வெளியீட்டில் ஒன்றோ இரண்டோ மட்டும் நிற்கும் இடத்தில் காலியாக விட்டால் அலை பெருகி, போன் காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆகும். பீங்கான் கப்பாசிட்டருக்கு இன்னொரு குணம்: முன்பு சொன்ன 22 மைக்ரோ ஃபாரட், 4 வோல்ட் ஏறி நிற்கும்போது பாதிகூட இருக்காது. சிறிய உடம்பில் அதே மதிப்பு என்றால் இன்னும் குறையும். ஸ்கிராப் போர்டிலிருந்து எடுத்தால் அதே அளவு உடம்பு, அதே மாதிரி வழியிலிருந்து எடுங்கள்.

இனி ஜம்பர், அதாவது அறுந்த இடத்தைக் கம்பியால் இணைப்பது. எல்டிஓ வழியில் வடிகட்டியாக இருக்கும் ஃபெரைட் மணி அறுந்திருந்தால் கம்பி போட்டு இணைக்கலாம், போன் ஓடும். அந்தப் பழக்கத்தில் பக் காயில் போன இடத்திலும் கம்பி போடுவதை என்னவென்று சொல்வது! காயில் இல்லாத பக் என்பது பேட்டரியை நேராகப் பிராசஸரோடு இணைக்கும் சுவிட்ச். ஐசியின் ஓட்டப் பாதுகாப்பு முந்திக்கொண்டால் போன் ஆன் ஆகாது, அது அதிர்ஷ்டம். முந்தாவிட்டால் 0.9 வோல்ட் கேட்ட இடத்துக்கு 4 வோல்ட் போகும். கண்ணுக்கு மணியும் காயிலும் ஒரே மாதிரித் தெரியும் என்பதால் வரைபடத்தைத் திறக்காமல் கம்பியை எடுக்கவே கூடாது. வரைபடத்தில் பக் காயிலுக்கு 0.47, 1, 2.2 மைக்ரோ ஹென்றி என்று மதிப்பு எழுதியிருக்கும்.

இத்தனையும் பார்த்துக் குற்றம் ஐசி மேலேயே நின்றால் தாராளமாக மாற்றலாம். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளும் பொருந்த வேண்டும். தொடக்க மின்னழுத்தங்களும் திறக்கும் வரிசையும் தொழிற்சாலையிலேயே உள்ளே பதியப்பட்டிருக்கும். ஒரே எண்ணில் இரண்டு பதிவுகள் இருக்கலாம்.

முப்பது சதவீதத்தில் அணையும் போன்

இதையும் பவர் ஐசி கணக்கில் எழுதுவார்கள். செல்லின் உள்தடையையும் இணைப்பின் தடையையும் சேர்த்து 100 மில்லி ஓம் என்றால் 3 ஆம்பியர் இழுக்கும்போது 0.3 வோல்ட் விழும், 3.7 வோல்ட் 3.4 ஆகும், போன் தாங்கும். இரண்டு மூன்று ஆண்டு உழைத்த செல்லில் அதே தடை 300 மில்லி ஓம் ஆனால் 0.9 வோல்ட் விழுந்து 2.8-இல் நிற்கும். அந்த ஒரு கணத்தில் ஐசியின் குறை மின்னழுத்தக் காவல் போனை அணைத்துவிடும். கேமரா ஃபிளாஷ் அடிக்கும்போதும், டவர் எட்டாத இடத்தில் பேசும்போதும் இது நடப்பதற்குக் காரணம் உண்டு. 2ஜி அழைப்பில் போன் 577 மைக்ரோ நொடி நீளும் துடிப்புகளாக அலையை அனுப்பும். ஒவ்வொரு துடிப்பும் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஆப்பிள் நிறுவனம் பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தை மென்பொருளால் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டதே, அதற்கும் பின்னணி இந்த வீழ்ச்சிதான்.

சதவீதமே தாறுமாறாகக் குதித்தால் பேட்டரி வழியில் இருக்கும் 10 மில்லி ஓம் அளவிலான அளவீட்டுத் தடையைப் பாருங்கள். ஓட்டத்தை எண்ணுவது அதில் விழும் நுண்ணிய மின்னழுத்தத்தை வைத்துத்தான். யாராவது முன்பு அதைக் கம்பியால் இணைத்திருந்தால் போன் கணக்குத் தெரியாமல் திண்டாடும்.

வெயிலூரில் சார்ஜ்

வேலூரை வெயிலூர் என்று கேலி செய்வது சும்மா இல்லை. கத்திரியில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஜப்பானின் மின்னணுத் தொழில் அமைப்பான ஜெய்ட்டா 2007-இல் மடிக்கணினி பேட்டரிகளுக்கென வெளியிட்ட பாதுகாப்பு வழிகாட்டியின் போக்கில்தான் இன்றைய போன்களும் சார்ஜ் செய்கின்றன: 10 முதல் 45 டிகிரி வரை முழு வேகம், அதற்கு மேல் ஓட்டத்தையோ உச்ச மின்னழுத்தத்தையோ குறைப்பது, 60 டிகிரியில் நிறுத்துவது. சத்துவாச்சாரியிலிருந்து ஆற்காடு வரை நெடுஞ்சாலையில் பைக் ஹேண்டிலில் போனை மாட்டி, வரைபடம் ஓட, திரை முழு வெளிச்சத்தில், சார்ஜர் வயரும் செருகி, நண்பகலில் போனால் செல் 45-ஐத் தாண்டாமல் என்ன செய்யும்? சார்ஜ் ஏறாதது அங்கே கோளாறு இல்லை, காவல். நிழலில் கால் மணி நேரம் வைத்து மறுபடி போட்டுப் பார்த்த பிறகே சார்ஜிங் ஐசியைப் பற்றிப் பேசலாம். குளிர்விக்க ஃபிரிட்ஜில் வைப்பவர்களும் உண்டு. வெளியே எடுத்ததும் உள்ளே வியர்த்து, வாட்டர் லாக் (தண்ணீர் புகுந்த) வேலையாகத் திரும்பி வரும்.

வெப்பத்தை அளப்பது செல்லோடு ஒட்டிய தெர்மிஸ்டர். சூடேறினால் அதன் தடை குறையும். அது அறுந்தால் ஐசிக்கு 'கடுங்குளிர்' என்று தெரியும், சார்ஜ் ஏறாது. உடனே அந்த இடத்தில் 10 கிலோ ஓம் நிலையான ரெசிஸ்டர் ஒன்றை வைத்து ஏமாற்றுவது கடைகளில் நடக்கிறது. அதன் பிறகு மே மாதமானாலும் மார்கழியானாலும் போனுக்கு 25 டிகிரிதான். செல் உப்பித் திரையைத் தூக்கும்வரை ஐசிக்கு எதுவும் தெரியாது. இதை எந்த ஊரிலும் செய்யக்கூடாது, இந்த ஊரில் நிச்சயமாகக் கூடாது.

மெதுவாக ஏறும் செட்டுக்கு வயரையும் டேட்டா கோட்டையும் முதலில் பார்க்க வேண்டும். 0.25 ஓம் தடை உள்ள மலிவு வயரில் 2 ஆம்பியர் போனால் அரை வோல்ட் விழும். உள்ளே 4.5 வோல்ட்தான் வருகிறது என்று கண்ட சார்ஜிங் ஐசி தானே ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். அடாப்டருக்குள் இரண்டு டேட்டா கால்களும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதை வைத்துத்தான் போன் 1.5 ஆம்பியர் வரை இழுக்கலாம் என்று முடிவு செய்கிறது. சார்ஜிங் போர்டில் அந்தக் கோடு ஒன்று அறுந்தால் கணினி யுஎஸ்பி என்று நினைத்து 500 மில்லி ஆம்பியரோடு நிற்கும். 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி ஏறப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். டைப் சி போர்ட்டில், வயர் எந்தப் பக்கம் செருகியிருக்கிறது என்று அறியும் சிசி கால்கள் இரண்டுக்கும் தலா 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் தரைக்கு இருக்க வேண்டும். ஒன்று போனால் வயரை ஒரு பக்கம் திருப்பிச் செருகினால் ஏறும், மறுபக்கம் ஏறாது. பவர் ஐசி மாற்றச் சொல்லி அனுப்பப்படும் செட்டுகளில் இதுவும் ஒன்று.

பழைய வட ஆற்காட்டின் தோல் பதனிடும் ஊர்களான ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து வரும் போர்ட்டுகளில் பச்சைப் பாசியைப் போலக் களிம்பு படிந்திருப்பதைப் பார்க்கலாம். பதப்படுத்தும் தோலில் உப்பு. அதே ஈரக் கையோடு சார்ஜர் செருகினால், மின்னழுத்தம் நிற்கும் காலிலிருந்து உலோகம் கரைந்து தரைக்காலை நோக்கி நகரும். 5 வோல்ட்டில் மெதுவாக, வேகச் சார்ஜரின் 9 வோல்ட்டில் சீக்கிரமாக. ஐபிஏவும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு கழுவிக் காயவைத்த பிறகு, போர்ட்டின் மின்னழுத்தக் காலுக்கும் தரைக்கும் நடுவில் டயோடு மோடில் அளந்து பாருங்கள். அதே மாடலின் நல்ல போர்டில் வரும் எண் வராவிட்டால் களிம்பு இன்னும் உள்ளே இருக்கலாம். போர்ட்டையே மாற்றிவிடுவது நேரத்துக்கு லாபம்.